மிதிவண்டியில் வந்த படை: ஒரு மாணவனின் கேள்வி



கடந்த பள்ளி விடுமுறையில் தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் வழியில், ரிங்லெட்டில் தேநீர் அருந்த நின்றேன். அங்கே ஒரு தந்தை, தம் மகிழுந்தின் பின்னால் பூட்டிய சிறு இழுவண்டியில் பிள்ளைகளின் இரு மிதிவண்டிகளை மீண்டும் கட்டிக்கொண்டிருந்தார். கைப்பிடிகளை மட்டும் கயிற்றால் கட்டியிருந்ததால், வளைவுகளில் அவை ஆடி ஒன்றோடொன்று உரசிவிட்டன. இம்முறை ஒன்றை முன்னோக்கியும் மற்றொன்றைப் பின்னோக்கியும் நிறுத்தினார். சட்டத்தை இருபுறமும் பட்டையால் இழுத்துக் கட்டி, சக்கரங்களையும் தளத்தோடு பிணைத்தார். பாரம் அசையாதிருந்தால்தான் மலைப்பயணம் பாதுகாப்பானது.

அதைக் கண்டபோது, ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் வகுப்பில் கேட்ட கேள்வி நினைவுக்கு வந்தது. "டீச்சர், சைக்கிள்ல வந்தா நம்ம நாட்டைப் பிடிச்சாங்க?" வகுப்பே சிரித்தது. ஆனால், அது சிரிப்பதற்குரிய கேள்வியன்று.

1941 டிசம்பர் 8-ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் தரையிறங்கியது. 1942 பிப்ரவரி 15-ஆம் நாள் சிங்கப்பூர் சரணடைந்தது. இடைப்பட்டவை ஏறக்குறைய 70 நாள்களே! அப்படையின் ஒவ்வொரு பிரிவிலும் சுமார் 6,000 மிதிவண்டிகள் இருந்ததாக, அப்போரைத் திட்டமிட்டவர்களுள் ஒருவரான ட்சுஜி மசனோபு எழுதியுள்ளார். வீரர் ஒருவர் 30 கிலோவுக்கும் மேற்பட்ட பொருள்களைக் கொண்டு சென்றார். பாரம் உறுதியாகக் கட்டப்பட்டிருந்ததால், பாலம் தகர்க்கப்பட்ட இடங்களில் மிதிவண்டியைத் தோளில் தூக்கி ஆற்றைக் கடக்க முடிந்தது.

போருக்கு முன்பே ஜப்பானிய மிதிவண்டிகள் மலாயாவில் மலிவாக விற்கப்பட்டன. ஆகவே, உதிரிப்பாகங்கள் ஊர்தோறும் கிடைத்தன. மக்களின் மிதிவண்டிகளும் பறிக்கப்பட்டன. வெப்பத்தில் டயர்கள் வெடித்தபோது வெறும் இரும்பு வளையத்தில் ஓட்டினர். இரவில் அவ்வோசையைக் கேட்டவர்கள் பீரங்கி வண்டிகள் வருவதாக அஞ்சினராம்.

1954-இல் வியட்நாமின் தியன் பியன் பூ போரிலும் மிதிவண்டிகள் பயன்பட்டன. கைப்பிடியில் மூங்கிலைக் கட்டி, 200 கிலோவும் அதற்கு மேலும் பாரம் ஏற்றித் தள்ளிச் சென்றனர். நன்கு கட்டிய பாரமே அங்கும் பயணத்தைச் சாத்தியமாக்கியது.

இனி, நம் மலையடிவாரத்தைப் பார்ப்போம். 1941 டிசம்பர் 30 முதல் 1942 ஜனவரி 2 வரை கம்பாரில் கடும் போர் நடந்தது. பிரிட்டிஷாரோடு இந்திய வீரர்களும் அங்கே போரிட்டு மாண்டனர். ஜனவரி 7-ஆம் நாள் சிலிம் ரிவரில் தற்காப்பு உடைந்தது. இவ்விரு ஊர்களுக்கும் நடுவே உள்ளதுதான் நாம் மலையேறத் திரும்பும் தாப்பா.

மிதிவண்டி ஓட நல்ல சாலை வேண்டும். அச்சாலை யாருக்காகப் போடப்பட்டது? ஈயமும் ரப்பரும் துறைமுகத்தை அடைவதற்காக. தேயிலையும் அவ்வழியே இறங்கியது. போ தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்டது 1929-இல். மலாயாவின் சாலைகளிலும் இரயில் பாதைகளிலும் தமிழ்த் தொழிலாளர்களின் வியர்வை கலந்திருக்கிறது. ஏற்றுமதிக்கெனப் போட்ட அதே சாலையில்தான் பகைவரின் படையும் வந்தது.

அதன் விலையையும் நம்மவர்களே கொடுத்தனர். தோட்டப்புறங்களிலிருந்து தமிழர்கள் பெருந்தொகையாகச் சயாம் மரண இரயில்பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். 415 கிலோமீட்டர் நீளமான அப்பாதை 1943 அக்டோபரில் இணைக்கப்பட்டது. பசியாலும் காலராவாலும் மாண்ட ஆயிரமாயிரம் தமிழர்களின் பெயர்கள் எங்கும் பதிவாகவில்லை.

அந்த மாணவனுக்கு அன்று நான், "ஆமாம், சைக்கிளில்தான் வந்தார்கள்" என்று மட்டும் சொல்லிப் பாடத்தை நகர்த்திவிட்டேன். அது அரைகுறை விடை. ஆசிரியர்களே, மிதிவண்டியைச் சொல்லும்போது அது ஓடிய சாலையையும், சாலையில் உழைத்த மக்களையும் சேர்த்துச் சொல்லுங்கள். பெற்றோர்களே, உங்கள் குடும்பத்தில் சயாமுக்குப் போனவர் எவரேனும் இருந்தால், அவர் பெயரையாவது பிள்ளைகளின் ஏட்டில் எழுதி வைக்கச் செய்யுங்கள். கட்டாத பாரம் வளைவில் விழுந்துவிடும். எழுதி வைக்காத வரலாறும் அப்படித்தான்.