மின்னசோட்டாவில் டிஆர்3

1991 ஜனவரியில் சியாத் பாரே ஆட்சி கவிழ்ந்தது, சோமாலியா சிதறியது. உயிர் பிழைக்க ஓடிய குடும்பங்கள் பல அமெரிக்காவின் மின்னசோட்டாவில் குடியேறின. அங்கே வளர்ந்த பிள்ளைகள் சிலருக்கு முதல் வகை நீரிழிவு வந்தது.

அதன் அறிகுறிகள்: அடங்காத தாகம், இரவில் படுக்கை நனைதல், கண்ணெதிரே உடல் இளைத்துப்போதல். பெற்றோர் தங்களை நொந்துகொள்ளவே வேண்டாம். இது சாப்பாட்டாலோ வளர்ப்பாலோ வந்ததல்ல. உடலைக் காக்க வேண்டிய நோயெதிர்ப்பு அணுக்களே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை அழிக்கின்றன, இன்சுலின் வற்றுகிறது.

இதற்கான முக்கிய மரபணுக்கள் ஆறாவது குரோமோசோமின் எச்எல்ஏ தொகுதியில் உள்ளன. இந்நோய் உள்ள ஐரோப்பிய வழிக் குழந்தைகளிடம் அத்தொகுதியின் டிஆர்3, டிஆர்4 என்ற மரபணு வடிவங்கள் இரண்டுமே பரவலாகத் தென்படும். மின்னசோட்டாவின் மினியாபொலிஸ் வட்டாரத்தில் இந்நோய் உள்ள சோமாலியக் குழந்தைகளைப் பற்றி 2017இல் வெளியான ஆய்விலோ டிஆர்3தான் மேலோங்கி நின்றது. ஐரோப்பியரை வைத்து வகுத்த ஆபத்துக் கணக்கை இவர்களுக்கு அப்படியே பொருத்த முடியாது.