கடிதம் வீட்டிலா, தபால் நிலையத்திலா? மின்னஞ்சலின் இரு வழிகள்

நம் சங்கத்தின் கடிதப் போக்குவரத்தில் பெரும்பகுதி இன்று மின்னஞ்சலில்தான் நடக்கிறது. மாநகராட்சிக்குக் கொடுக்கும் மனு, லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம், ஆடிட்டர் கேட்கும் விவரம், வெளிநாட்டில் வசிக்கும் வீட்டு உரிமையாளர்களின் பதில், எல்லாம் அதில்தான். அந்தக் கடிதங்கள் உண்மையில் எங்கே இருக்கின்றன? செயலாளர் வீட்டுக் கணினியிலா, எங்கோ உள்ள சர்வரிலா? நிர்வாகிகள் மாறும்போது இதற்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். அதற்குக் கொஞ்சம் பழைய கதை உதவும்.

1984 அக்டோபரில் அமெரிக்காவின் தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜாய்ஸ் ரெனால்ட்ஸ், 'பாப்' என்ற நெறிமுறையின் முதல் வடிவத்தை வெளியிட்டார். 'தபால் நிலைய நெறிமுறை' என்பதுதான் அந்தப் பெயரின் பொருள். தபால் நிலையத்துக்குப் போய், நமக்கு வந்த கடிதங்களை வாங்கிக்கொண்டு வீடு திரும்புவது போன்ற ஏற்பாடு. வாங்கிய பிறகு அங்கே ஒன்றும் மிஞ்சாது. இன்றும் புழங்கும் அதன் மூன்றாம் வடிவமான பாப்3, 1988-ல் வந்தது.

1986-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மார்க் கிறிஸ்பின் வேறு வழியில் யோசித்தார். கடிதம் தபால் நிலையத்திலேயே இருக்கட்டும்; எந்தக் கணினியிலிருந்து வந்தாலும் படித்துவிட்டுப் போகலாம். இதுதான் 'ஐமேப்'. தொடக்கத்தில் அதன் முதல் எழுத்து 'இடைக்கால' என்பதைக் குறித்தது. தற்காலிகமாக வந்தது இன்றுவரை நிலைத்துவிட்டது.

அதே 1986-ல் இந்தியாவில் எர்நெட் திட்டம் தொடங்கியது. மத்திய மின்னணுவியல் துறை, ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு நடத்திய திட்டம் இது. சென்னை ஐஐடி உட்பட ஐந்து ஐஐடிகள், பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனம், மும்பையின் தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம் ஆகியவை அதில் இருந்தன. நம் நாட்டு ஆய்வாளர்கள் கைக்கு மின்னஞ்சல் வந்தது இந்த வழியாகத்தான்.

பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15-ல். விஎஸ்என்எல் தொடங்கிய சேவை சென்னை போன்ற பெருநகரங்களில் மட்டுமே இருந்தது. திருவண்ணாமலையிலிருந்து இணைய வேண்டுமானால் எஸ்டிடி போட வேண்டும். ஒவ்வொரு நிமிடத்துக்கும் மீட்டர் ஓடும். இந்த நிலையில் பாப்3 பெரிய வசதி. மோடத்தில் இணைந்து, கடிதங்களை இறக்கி, உடனே இணைப்பைத் துண்டித்துவிட்டு நிதானமாகப் படிக்கலாம். பதிலையும் இணைப்பு இல்லாமலே எழுதி வைத்து, அடுத்த முறை மொத்தமாக அனுப்பலாம். நேரமும் பணமும் மிச்சம்.

1996 ஜூலை 4-ல் சபீர் பாட்டியாவும் ஜாக் ஸ்மித்தும் ஹாட்மெயிலைத் தொடங்கினர். உலாவி இருந்தால் போதும், எந்தக் கணினியிலும் கடிதம் பார்க்கலாம் என்றானது. ஆனால் கிடைத்த இடம் 2 எம்பி; அடிக்கடி அழித்தாக வேண்டும். 2004 ஏப்ரல் 1-ல் ஜிமெயில் ஒரு ஜிபி இடத்தோடு வந்தபோது, கடிதங்களைச் சர்வரிலேயே சேர்த்து வைப்பது எல்லோருக்கும் சாத்தியமாயிற்று. 2007-ல் ஜிமெயில் ஐமேப் வசதியும் தந்தது. பிறகு ஸ்மார்ட்போன் பரவியது. ஒரே ஆள் கைபேசி, மடிக்கணினி, அலுவலகக் கணினி என மூன்றில் கடிதம் பார்க்கும் காலத்தில், ஒன்றில் படித்தது மற்றவற்றிலும் படித்ததாகத் தெரிய வேண்டும். அதைச் செய்வது ஐமேப்.

இனி நம் விஷயத்துக்கு வருவோம். சங்கக் கணக்கு பாப்3 முறையில் ஒருவர் வீட்டுக் கணினியில் அமைந்திருந்தால், சர்வரில் நகல் வைக்கும் தேர்வு இல்லாதபோது, கடிதங்கள் அந்தக் கணினியோடு போய்விடும். அதன் ஹார்டு டிஸ்க் பழுதானால் ஒப்பந்தமும் ரசீதும் சேர்ந்தே போகும். ஐமேப் முறையில் புதிய செயலாளர் தன் கணினியில் கணக்கை இணைத்த உடனே பழைய கடிதங்கள் அனைத்தும் தெரியும்.

ஆனால் ஐமேப் என்பது காப்பு நகல் அல்ல. ஒருவர் கைபேசியில் கடிதத்தை அழித்தால் எல்லோருடைய திரையிலிருந்தும் அது மறையும். பாப்3-ன் பழைய நற்குணம் இங்கேதான் உதவும்: நம் கையில் ஒரு பிரதி.

ஆகவே சங்கக் கணக்குக்கு மூன்று செய்யலாம். அன்றாடப் பயன்பாட்டுக்கு ஐமேப் வைத்துக்கொள்வது. ஆண்டுப் பொதுக்குழுவுக்கு முன் எல்லாக் கடிதங்களையும் ஒரு வெளி டிஸ்க்கில் இறக்கிச் சங்க அலமாரியில் வைப்பது. பொறுப்பு மாறும் நாளிலேயே கடவுச்சொல்லையும், மீட்புக்கான கைபேசி எண்ணையும் மாற்றுவது. மினிட்ஸ் புத்தகத்தை ஒப்படைப்பது போல மின்னஞ்சலையும் கையெழுத்துப் போட்டு ஒப்படைக்கும் வழக்கம் வந்துவிட்டால், அடுத்து வருபவர்களுக்குப் பழைய கடிதம் தேடி வீடு வீடாக அலையும் வேலை இருக்காது.