அரக்குத் தட்டும் முப்பத்தேழாயிரம் டாலரும்

2013ஆம் ஆண்டு செப்டம்பரில், இபே என்னும் இணைய ஏலக்கடையில் ஒரு பழைய கிராமபோன் இசைத்தட்டு 37,100 டாலருக்கு விலைபோயிற்று. பாரமவுண்ட் நிறுவனத்தின் 12950ஆம் எண் தட்டு அது. பாடியவர் மிசிசிப்பியைச் சேர்ந்த டாமி ஜான்சன் என்னும் கறுப்பினப் பாடகர். ஒரு பக்கத்தில் 'ஆல்கஹால் அண்ட் ஜேக் ப்ளூஸ்', மறுபக்கத்தில் 'ரைடின் ஹார்ஸ்'. அதுவரை அறியப்பட்டிருந்த பிரதி ஒன்றே ஒன்று, அதுவும் தேய்ந்துபோனது. இரண்டாவது பிரதியை வாங்கியவர் ஜான் டெஃப்டெல்லர் என்னும் சேகரிப்பாளர். 1930ஐ ஒட்டி வெளியானபோது இத்தகைய தட்டின் கடைவிலை 75 சென்ட்.

பாட்டு ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம். ஆறு நிமிட இசைக்கு 37,100 டாலர் என்றால், கேட்பவர் முதலில் வாங்கியவரின் மனநிலையைத்தான் ஐயுறுவார். நாமும் அந்த ஐயத்தை முற்றிலும் தள்ளிவிடப் போவதில்லை. ஆயினும் இந்த ஊதாரித்தனத்தின் வரலாற்றைப் பின்னோக்கித் தொடர்ந்தால், இசைத்தட்டுக்குத் தகுதிக்கு மீறிச் செலவழித்த முதல் மனிதர் டெஃப்டெல்லர் அல்லர் என்பது விளங்கும். எண்பது ஆண்டுகளுக்கு முன்னரே அப்படிச் செலவழித்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் ஏழைகள்.

பாரமவுண்டின் கதை நாற்காலியிலிருந்து தொடங்குகிறது. விஸ்கான்சின் மாநிலத்தின் போர்ட் வாஷிங்டன் ஊரிலிருந்த விஸ்கான்சின் நாற்காலிக் கம்பெனி, மரச்சாமான் செய்து விற்றுவந்தது. கிராமபோன் பெட்டிகளுக்கான மர அடைப்புகள் செய்யத் தொடங்கி, பிறகு பெட்டிகளையே செய்யத் துணிந்தது. பெட்டி விற்க வேண்டுமானால் அதில் போட்டுக் கேட்கத் தட்டு வேண்டுமல்லவா? மேசைக்கு விரிப்பு சேர்ப்பதுபோல 1917 அளவில் இசைத்தட்டுத் தொழிலையும் சேர்த்துக்கொண்டார்கள். 1922இல் கறுப்பின மக்களுக்கென்றே தனி வரிசை ஒன்றைத் தொடங்கினார்கள். 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்' என்பது அக்கால வழக்கு. நிறுவனத்தாருக்கு அந்த இசையைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரிந்துகொள்ள விரும்பியதாகவும் தெரியவில்லை. தெரிந்திருந்தவர் சிகாகோவில் அவர்களுக்காகப் பாடகர்களைத் தேடித்தந்த ஜே. மேயோ வில்லியம்ஸ் என்னும் கறுப்பினத்தவர். 'சிகாகோ டிஃபெண்டர்' இதழில் விளம்பரம் செய்து அஞ்சல்வழியும் விற்றார்கள்.

தட்டு என்பது எதனால் ஆனது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். 78 சுற்றுத் தட்டுகளைப் பிணைத்துநின்ற பொருள் அரக்கு. பலாசம், இலந்தை முதலான மரங்களின் கிளைகளில் அரக்குப் பூச்சிகள் சுரப்பதைச் சுரண்டி, காய்ச்சி, தகடாக்கி அனுப்புவது சோட்டா நாகபுரிப் பகுதியின் பழைய தொழில். உலகத் தேவையில் மிகப்பெரும் பங்கை அக்காலத்தில் இந்தியாவே அளித்தது. மிசிசிப்பிப் பருத்திக்காட்டுக் கூலியின் குரல் பதிந்தது நம் காட்டுக் கூலிகள் மரத்தில் சுரண்டிய பிசினில் என்பதை நினைக்கும்போது, 'இறக்குமதி' என்ற சொல்லுக்கு வேறொரு பொருள் வந்துவிடுகிறது. பாண்டவருக்கு அரக்கு மாளிகை அமைத்த புரோசனன், எளிதில் எரியும் என்பதற்காக அதைத் தேர்ந்தான். இசைத்தட்டுக்காரர்கள், எளிதில் வார்க்கலாம் என்பதற்காகத் தேர்ந்தார்கள். விலை கூடிய பொருள் என்பதால் கல்தூளும் கரித்தூளும் கலந்தார்கள். பாரமவுண்ட் இந்தக் கலவையில் மிகவும் தாராளம். அதன் தட்டுகள் புதிதாக இருக்கும்போதே இரைந்தன.

இத்தகைய தட்டுக்குத்தான் 75 சென்ட். நகரத்து நடுத்தர வர்க்கத்துக்கு அது சில்லறை. பிறர் நிலத்தில் வாரத்துக்குப் பயிரிட்டு, ஆண்டு முடிவில் கணக்குப் பார்த்தால் கடனே மிஞ்சும் குடும்பத்துக்கு அது சிறு தொகையன்று. எனினும் வாங்கினார்கள். மேசையில்லாத வீட்டில் தவணையில் எடுத்த கிராமபோன் இருந்தது. கனத்த தலையும் எஃகு ஊசியும் ஒவ்வொரு முறையும் பள்ளத்தை உழுதுகொண்டு போகும். ஊசி மழுங்கினால் மாற்றவும் காசு வேண்டும். விரும்பிய பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டு, எழுத்துத் தெரியாத அளவுக்குத் தேய்ந்த காசைப்போல ஆக்கிவிட்டார்கள்.

இதிலுள்ள முரண் கவனிக்கத்தக்கது. மக்கள் மனம் தோய்ந்து கேட்ட தட்டு தேய்ந்தே அழிந்தது. யாரும் விரும்பிக் கேட்காத தட்டு பளபளப்பாக எஞ்சிற்று. மிகக் குறைவாக விற்ற தட்டோ கிடைத்தற்கரியது ஆயிற்று. ஆகவே இன்றைய ஏலத்தில் உச்சவிலை பெறுவது பெரும்பாலும் அன்றைய கடையில் தோற்ற சரக்கு.

1929இன் பொருளாதார வீழ்ச்சி இந்தத் தோல்வியை உறுதிசெய்தது. சார்லி பாட்டன் அவ்வாண்டு ஜூன் 14 அன்று ஒரே நாளில் பதினான்கு பாடல்கள் பதிவு செய்தார். அவற்றுக்கு வாங்குவோர் இருந்தார்கள். 1930 மே மாதம் கிராஃப்டன் ஊரிலிருந்த பாரமவுண்ட் பதிவகத்துக்குப் பாட்டனுடன் வந்து பாடிய சன் ஹவுஸ், வில்லி பிரவுன் ஆகியோரின் தட்டுகள் வந்தபோது வாங்குவோர் கையில் காசில்லை. 1931 பிப்ரவரியில் அதே இடத்தில் ஸ்கிப் ஜேம்ஸ் பாடினார். அவருக்குக் கிடைத்தது ஏறத்தாழ 40 டாலர் என்று அவர் வரலாற்றை எழுதியோர் குறிப்பர். 1932இல் பதிவு நின்றது. சில ஆண்டுகளில் தட்டுத் தொழிலே மூடப்பட்டது. மூல அச்சுகளான உலோகத் தகடுகள் பழைய உலோக விலைக்குப் போயின என்பது பரவலாகச் சொல்லப்படும் செய்தி. வேலையிழந்த தொழிலாளர்கள் தட்டுகளை மில்வாக்கி ஆற்றில் வீசியெறிந்தார்கள் என்றொரு கதையும் உண்டு. 2006இல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக ஆற்றில் மூழ்கித் தேடினார்கள், ஒன்றும் அகப்படவில்லை.

எஞ்சியவற்றில் ஒரு பகுதியைப் போர் தின்றது. ஆசியப் போர்முனை விரிந்தபோது அரக்கு வரத்துத் தடைப்பட்டது. 1942இல் அமெரிக்க அரசு தட்டுத் தயாரிப்புக்கான அரக்கைக் கடுமையாகக் குறைத்தது. பழைய தட்டைத் திரட்டி உடைத்து, உருக்கிப் புதுத் தட்டு வார்த்தார்கள். அவ்வாறு திரண்ட குவியல்களில் கைவிட்டுத் துழாவி மலிவாக வாங்கியவர்களில் ஹாரி ஸ்மித் என்னும் இளைஞரும் ஒருவர். பின்னாளில் கையில் காசில்லாமல் தம் சேகரத்தை விற்க நியூயார்க்கில் ஃபோக்வேஸ் நிறுவனத்தின் மோசஸ் ஆஷிடம் போனார். விற்பதைவிடத் தொகுத்துத் தரலாமே என்றார் ஆஷ். 1952இல் வெளியான 'அமெரிக்க நாட்டார் இசைத் தொகுப்பு' அப்படிப் பிறந்தது. 84 பாடல்கள். ஒரு தலைமுறை அமெரிக்கப் பாடகர்கள் இதைப் பாடநூலாகக் கொண்டார்கள்.

சேகரிப்பாளர்களில் நம் மனத்தில் மிகவும் நிற்பவர் ஜேம்ஸ் மெக்கியூன். புரூக்ளினின் வில்லியம்ஸ்பர்க் பகுதியில் ஒய்.எம்.சி.ஏ. விடுதியில் ஒற்றை அறை. கட்டிலுக்கடியில் அட்டைப்பெட்டி. அதில் சில நூறு தட்டுகள். அவ்வளவே அவர் சொத்து. 1944இல் சார்லி பாட்டனின் ஒரு தட்டு கைக்கு வந்ததிலிருந்து, அக்கால ஜாஸ் ரசிகர்கள் பொருட்படுத்தாத மிசிசிப்பிப் பாடகர்களின் பக்கம் திரும்பினார். ஒரு தட்டுக்குப் பத்து டாலருக்கு மேல் அவர் கொடுத்ததில்லை என்பார்கள். மேலே கொடுப்பவர்களைக் கண்டால் அறச்சீற்றமே கொள்வாராம். அவரைச் சுற்றித் திரண்ட இளைஞர்களில் ஒருவரான பீட் வீலன், பில் கிவன்ஸ் என்பவருடன் சேர்ந்து 1960இல் 'ஆரிஜின் ஜாஸ் லைப்ரரி' என்னும் சிறு நிறுவனம் தொடங்கி, பாட்டனின் பாடல்களை நெடுந்தட்டாக வெளியிட்டார். நம் சிற்றிதழ்கள் அச்சிடும் எண்ணிக்கைதான். 1971இல் மெக்கியூன் ஒரு மலிவு விடுதி அறையில் கொலையுண்டு கிடந்தார்.

ஜோ புஸார்டின் வழி வேறு. 2022இல் மறைந்த இவர், மேரிலாந்திலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு மலையூர்களில் வீடுவீடாகக் கதவு தட்டியவர். 1966இல் வர்ஜீனியாவின் டேஸ்வெல் ஊரில் ஒரு பெட்டித் தட்டுகளைப் பத்து டாலருக்கு வாங்கினார். உள்ளே மேயோ வில்லியம்ஸ் 1927இல் தொடங்கிச் சில மாதங்களே நடத்திய 'பிளாக் பாட்டி' நிறுவனத்தின் தட்டுகள் இருந்தன. மிசிசிப்பியில் கெய்ல் டீன் வார்ட்லோ இதையே கறுப்பினக் குடியிருப்புகளில் செய்தார். இவர்கள் அனைவரும் வெள்ளையர். தட்டைக் கொடுத்த மூதாட்டிகள் பெற்றது சில்லறை. பிற்காலத்தில் அதே தட்டுகள் ஆயிரக்கணக்கில் விலைபோனபோது அந்தப் பணத்தில் ஒரு காசும் அவ்வீடுகளுக்கோ பாடியவர் குடும்பத்துக்கோ திரும்பவில்லை; திரும்ப வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

இவர்களைக் கொள்ளையர் என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் நிறுவனம் கைகழுவிய ஒன்றை, அரசு உருக்கச் சொன்ன ஒன்றை, பல்கலைக்கழகங்கள் திரும்பிப் பாராத ஒன்றை, தம் சம்பளத்தைக் கொட்டி வைத்திருந்தவர்கள் இவர்கள்தாம். அவர்கள் வைத்திருந்த தட்டுகளே துப்புகளாகவும் ஆயின. மிசிசிப்பி ஜான் ஹர்ட் 1928இல் பதிந்த ஒரு பாட்டில் தம் ஊர் அவலான் என்று பாடியிருந்தார். ஆஸ்திரேலியச் சேகரிப்பாளர் ஒருவரிடமிருந்து கிடைத்த ஒலிநாடாப் படியில் அதைக் கேட்டவர்கள், 1963இல் அந்த ஊருக்கே போய் அவரைக் கண்டார்கள். மறு ஆண்டு சன் ஹவுஸும் ஸ்கிப் ஜேம்ஸும் கண்டறியப்பட்டார்கள். ஜேம்ஸ் அப்போது மருத்துவமனையில் இருந்தார். அவர் பாட்டொன்றை 'க்ரீம்' என்ற ஆங்கிலேயக் குழு 1966இல் பாடிப் பதிந்தது. அதன் உரிமைத்தொகை அவர் மருத்துவச் செலவுக்கு உதவிற்று. பழைய தட்டு பாடியவருக்குச் சோறிட்ட அரிய நேர்வு இது.

மற்றொன்றையும் மறைப்பதற்கில்லை. எது அரியதோ அதுவே சிறந்தது என்ற மயக்கம் சேகரிப்பாளருக்கு எளிதில் வரும். கறுப்பின மக்கள் தம் காசைக் கொடுத்து வாங்கியது பெஸ்ஸி ஸ்மித்தை, லீராய் காரை, லானி ஜான்சனை. அவர்களுடைய தட்டுகள் ஏராளமாகக் கிடைத்தன. ஆகவே மதிப்புக் குறைந்தது. வாங்க ஆளில்லாமல் போன டெல்டாக் கலைஞர்கள், தனிமையும் துயரும் சூழ்ந்த ஆண் குரல்கள், ப்ளூஸ் இசையின் மூலவர்களாக உயர்ந்தார்கள். எலைஜா வால்ட் 2004இல் எழுதிய நூலில் இதை விரிவாகவே காட்டியிருக்கிறார். இலக்கிய வரலாற்றிலும் இத்தகைய விபத்துகள் நிகழ்வதுண்டு. ஆயினும் இங்கு மதிப்பீட்டைத் திருத்தியது பணப்பை என்பதால் நமக்கு உறுத்தல் சற்று அதிகம்.

அப்படியானால் 37,100 டாலர் வீண்தானா? தமிழ் பயிற்றுவிக்கும் நம் போன்றோருக்குப் புரியும் ஒரு விடை இருக்கிறது. மூல அச்சு இல்லாத நிலையில் ஒவ்வொரு தட்டும் ஒரு சுவடிப் பிரதி. கீச்சி வைலி என்னும் பெண் 1930இல் கிராஃப்டனில் பாடிய 'லாஸ்ட் கைண்ட் வேர்ட்ஸ் ப்ளூஸ்' தட்டில் எஞ்சியவை விரல்விட்டு எண்ணத்தக்கவை. அதில் ஒரு சொல் இரைச்சலில் மூழ்கியிருந்தது. அது என்ன என்பது பற்றி வல்லுநர்களிடையே பாடபேதம் எழுந்தது. 'போல்ட்டட்', அதாவது சலித்த மாவைக் குறிக்கும் பழஞ்சொல், என்று கண்டு சொன்னவர் கிதார்க் கலைஞர் ஜான் ஃபேஹி. ஜான் ஜெரமையா சல்லிவன் இந்நிகழ்வைச் சுவைபட எழுதியிருக்கிறார். தேய்வு குறைந்த இன்னொரு பிரதி கிடைத்தால் ஒரு சொல் துலங்கும். அந்த ஒரு சொல்லுக்காக விலை கொடுப்பதை ஏட்டுச் சுவடிகளோடு பழகியவர்கள் பைத்தியம் என்று சொல்லத் தயங்குவார்கள். டெஃப்டெல்லர் தாம் வாங்கும் தட்டுகளைப் பெட்டியில் பூட்டி வைப்பதில்லை. ஒலிப்படி எடுத்துக் குறுவட்டுகளாக வெளியிட்டு வருபவர். பூட்டி வைப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிச் சொல்ல நல்ல சொல் இல்லை.

2013இலும் 2014இலும் பாரமவுண்டின் வரலாறு இரண்டு பெருந்தொகுப்புகளாக வந்தது. ஒவ்வொன்றிலும் 800 பாடல்கள். விலை ஏறக்குறைய 400 டாலர். முதல் தொகுப்பு ஓக் மரப்பேழையில் வந்தது. நாற்காலிக் கம்பெனியின் ஆவி மகிழ்ந்திருக்கும்.

மிசிசிப்பியின் ஜாக்சன் நகரில் கடை வைத்திருந்த எச். சி. ஸ்பியர் என்பவர்தான் பாட்டனையும் ஸ்கிப் ஜேம்ஸையும் டாமி ஜான்சனையும் தட்டு உலகுக்குக் கொண்டுவந்தவர். நலிந்துகொண்டிருந்த பாரமவுண்டின் தட்டுத் தொழிலை அப்படியே 25,000 டாலருக்குத் தமக்கு விற்க முன்வந்தார்கள் என்றும், பணம் திரட்ட முடியவில்லை என்றும் அவர் பிற்காலத்தில் வார்ட்லோவிடம் சொன்னார். கிராஃப்டனுக்கு 1930இல் போன நால்வரில் ஒருவரான வில்லி பிரவுன் 1952இல் இறந்தார். அவர் பாடிய தட்டுகளுள் 13099ஆம் எண்ணுள்ளதற்கு ஒரு பிரதிகூட இதுவரை கிடைக்கவில்லை. 'கிக்கிங் இன் மை ஸ்லீப் ப்ளூஸ்', 'விண்டோ ப்ளூஸ்' என்று பட்டியலில் இரண்டு தலைப்புகள் மட்டும் இருக்கின்றன. அதைக் கொண்டுவருபவருக்கு டெஃப்டெல்லர் அறிவித்த விலையும் 25,000 டாலர்தான்.