கண்டியில் செய்த சூரியக் கலம்



2022 இல் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற நாட்களை நாம் மறக்கவில்லை. களுதாவளையில் வெற்றிலைக்கும் மிளகாய்க்கும் தண்ணீர் இறைக்க எண்ணெயோ கரண்டோ வேண்டும். அந்த வருடம் இரண்டுக்கும் தட்டுப்பாடு. அதன்பிறகுதான் நம்மில் பலர் சூரியத் தகட்டின் விலையை விசாரிக்கத் தொடங்கினோம். தகடு வெளிநாட்டிலிருந்து வருகிறது. ஆனால் அடுத்து வரவிருக்கும் தகட்டின் வரலாற்றில் நமது நாட்டுக்கும் ஒரு பக்கம் உண்டு.

இப்போதைய தகடுகள் பெரும்பாலும் சிலிக்கன். அதை உருக்க 1400 பாகை செல்சியசுக்கு மேல் வெப்பம் வேண்டும். இதைவிட எளிய வழியை 1991 இல் சுவிட்சர்லாந்தில் கிரெட்சலும் ஓரீகனும் காட்டினார்கள். பெயின்றில் சேர்க்கும் வெள்ளைத் தூளான தைத்தேனியம் ஈரொட்சைட்டைக் கண்ணாடியில் பூசி, அதில் சாயம் ஏற்றி, ஒரு திரவத்தை நிரப்பினார்கள். மின்சாரம் வந்தது. ஆனால் திரவம் கசியும், ஆவியாகும்.

கண்டி அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்தில் பேராசிரியர் கீர்த்தி தென்னகோன் குழுவினர் 1995 இல் அந்தத் திரவத்தையே நீக்கினார்கள். அதன் இடத்தில் செப்பு அயடைட்டு என்ற திண்மம். சாயமோ சயனிடின், செவ்வரத்தம் பூவின் சிவப்புக்குக் காரணமான நிறப்பொருள். வினைத்திறன் 0.8 சதவீதம்தான். ஆனாலும் திரவம் இல்லாமல் இப்படி ஒரு கலம் வேலை செய்யும் என்பது தெரிந்தது.

2009 இல் ஜப்பானில் மியாசாகா குழுவினர் சாயத்துக்குப் பதிலாக பெரோவ்ஸ்கைட் என்ற பளிங்கைப் பயன்படுத்தினார்கள். 3.8 சதவீதம் கிடைத்தது. ஆனால் திரவம் பளிங்கையே கரைத்துவிட, கலம் சில நிமிடங்களில் பழுதானது. 2012 இல் கொரியாவின் பார்க் குழுவும் ஒக்ஸ்போர்ட்டின் சினைத் குழுவும் திரவத்தை விட்டுத் திண்மத்துக்கு மாறின. வினைத்திறன் 10 சதவீதத்தை எட்டியது. அவர்கள் வைத்தது விலைகூடிய ஒரு சேதனப் பொருள். 2014 இல் அமெரிக்காவின் நோட்ரடேம் பல்கலைக்கழகத்தினர் அதற்குப் பதிலாக மலிவான ஒன்றை வைத்து 6 சதவீதம் பெற்றார்கள். அது எது தெரியுமா? கண்டியில் வைத்த அதே செப்பு அயடைட்டு!

இன்று ஆய்வுகூடங்களில் வினைத்திறன் 26 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. உப்புகளைக் கரைத்து, மை போலப் பூசி, ஏறத்தாழ 100 பாகையில் காயவைத்தால் போதும். குறை என்னவென்றால், ஈரப்பதம் பளிங்கைக் கெடுக்கிறது. உள்ளே ஈயமும் இருக்கிறது. நமது வாவிக் காற்றில் இருபது வருடம் நின்றுபிடிக்குமா என்பதுதான் இனி விடை காண வேண்டிய கேள்வி.

தைத்தேனியம் உள்ள இல்மனைற் மணல் நமது கிழக்குக் கரையில், புல்மோட்டையில் இருக்கிறது. அதை மணலாகவே கப்பலேற்றுகிறோம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பௌதிகவியல் துறையிலும் இந்த வகைக் கலங்களில் ஆய்வு நடக்கிறது. உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகளிடம் "இங்கே என்ன செய்ய முடியும்?" என்று சொல்வதை நாம் நிறுத்துவோம். 0.8 சதவீதத்தில் தொடங்கியவர்கள் இங்கேதான் இருந்தார்கள்.