பேசாலைக் கிணறும் படிப்படியாக இறங்கிய சீமெந்தும்

உன்னிச்சைக் குளத்து நீரைக் குழாயில் பெறும் மட்டக்களப்பாருக்கு நன்னீரில் உப்பு கலப்பதன் துயரம் தெரியும். வாவிக்கரைக் கிணறுகள் கற்றுத் தந்த பாடம் அது. எண்ணெய்க் கிணறு துளைத்தவர்களையும் முதலில் வாட்டியது தண்ணீர்தான். 1903இல் கலிபோர்னியாவின் லொம்போக் வயலில் சீமெந்துக் குழம்பை இறக்கி, புகுந்த நீரை அடைத்தார்கள்.

கிணறுகள் ஆழமானபோது சிக்கல் மாறியது. ஈரச் சீமெந்து கனமானது. கிணற்றுக்குள் இறக்கிய குழாய்க்கும் பாறைக்கும் நடுவே அதை ஒரே மூச்சில் நெடுக ஏற்றினால் பலவீனமான பாறை பிளந்து குழம்பை விழுங்கிவிடும். ஆகவே கட்டம் கட்டமாக ஊற்றும் வழி பிறந்தது. குழாய்த் தொடரின் இடையே துளைகளுள்ள ஒரு வளையம். துளைகளை உள்ளிருந்து ஓர் உறை மூடியிருக்கும். அடிப்பகுதிக்கான சீமெந்து முதலில் போகும். பிறகு மேலிருந்து கனத்த கூம்பொன்றைப் போடுவார்கள். அது உறைமேல் அமர்ந்ததும் அழுத்தத்தை ஏற்ற, பிடித்திருந்த ஊசிகள் முறிந்து உறை கீழிறங்கும், துளைகள் திறக்கும். மேற்பகுதிக்கான சீமெந்து அவ்வழியே வெளியேறும். கடைசியாக வரும் அடைப்பான் இன்னோர் உறையைத் தள்ளித் துளைகளை மூடிவிடும். யாரும் பார்க்க முடியாத ஆழத்தில் நடக்கும் இவ்வேலைக்கு மேலே அழுத்தமானியின் முள்தான் சாட்சி. வியக்கத்தக்க கைவினை இது.

இலங்கையிலும் 1970களில் சோவியத் உதவியுடன் மன்னார்த் தீவின் பேசாலையில் எண்ணெய் தேடித் துளைத்தார்கள். வணிக அளவில் எண்ணெய் கிட்டவில்லை.

2011இல் ஜப்பானின் சிக்யூ கப்பலைக் கொண்டு கெயர்ன் நிறுவனம் மன்னார்க் கடலில் துளைத்தபோது, டொராடோ கிணற்றில் எரிவாயு தென்பட்டது.