ஸமனும் கீமாவும்: முன்வாங்குரிமைச் சட்டத்தில் இரு விலைச்சொற்கள்

ஹனஃபி சட்ட நூல்களைத் தமிழாக்க முனைவோர் முதற்கண் இடர்ப்படும் இடங்களுள் ஒன்று, நாம் 'விலை' என்னும் ஒரே சொல்லாற் சுட்டிவிடும் இரு கருத்துகளின் வேறுபாடாகும். விற்போனும் வாங்குவோனும் தம்முள் இசைந்து வரையறுத்த தொகை அரபியில் 'ஸமன்' எனப்படும். அப்பொருள் சந்தையிற் பெறக்கூடிய மதிப்பு 'கீமா' எனப்படும். 100 பணம் பெறும் வீட்டை 150 பணத்திற்கு விற்கலாம். அங்கு ஸமன் 150, கீமா 100. இப்பிற்சொல்லே பாரசீகத்திலும் உருதுவிலும் 'கீமத்' என வழங்கிப் பொதுநிலையில் விலையையே குறிக்கும். உருது வழியாக அரபு மூலத்தை அணுகுவோர் பிறழ உணர்தற்கு இது போதிய காரணமாகும்.

1197இல் மறைந்த மர்கீனானியின் 'ஹிதாயா' இவ்வேறுபாட்டின்மீது பல தீர்வுகளை எழுப்புகின்றது. விலை இன்னதென அறியப்படாத விற்பனை 'ஃபாஸித்' ஆகும். இதனைச் 'செல்லாதது' எனப் பெயர்த்தல் முற்றும் பொருந்தாது. விற்போன் இசைவுடன் வாங்குவோன் வீட்டைக் கைக்கொண்டால் உடைமை அவனைச் சேரும். ஆயின் அவன் தரவேண்டுவது கீமாவேயன்றி ஸமன் அன்று.

'ஷுஃபா' எனப்படும் முன்வாங்குரிமையில் நிலை நேர்மாறானது. பங்காளியோ அண்டை வீட்டாரோ இவ்வுரிமையைக் கோரும்போது, வாங்கியோன் ஒப்பிய ஸமனையே தருதல் வேண்டும். விற்போன் பின்னர் ஒரு பகுதியைத் தள்ளிக்கொடுத்தால் அத்தள்ளுபடி உரிமை கோருவோனையும் சேரும். வாங்கியோன் தானே தொகையைக் கூட்டினால் அக்கூடுதல் அவனைக் கட்டுப்படுத்தாது. எவ்வளவுக்கு விற்கப்பட்டது என்பதில் பூசல் எழுந்து, சான்று இல்லையாயின், ஆணையுடன் கூடிய வாங்கியோன் சொல்லே ஏற்கப்படும். இருவரும் சான்று கொணர்ந்தால் உரிமை கோருவோன் சான்றே மேம்பட்டது என்பர் அபூ ஹனீஃபாவும் முஹம்மதும். அபூ யூஸுஃப் இதனை மறுப்பார்.

இவ்விதியிலிருந்தே ஒரு சூழ்ச்சியும் பிறந்தது. வீட்டிற்கு மிகுந்த விலை பேசி முடித்து, அத்தொகைக்கு ஈடாக ஓர் ஆடையைக் கொடுத்துத் தீர்த்துவிடுவர். அண்டை வீட்டான் தரவேண்டுவது பேசிய தொகையே. ஆடையின் மதிப்பு அன்று. இத்தகைய உபாயம் வெறுக்கத்தக்கதன்று என அபூ யூஸுஃபும், வெறுக்கத்தக்கது என முஹம்மதும் கருதினர். ஸமன் எனுமிடத்தில் மொழிபெயர்ப்பாளர் 'மதிப்பு' என எழுதிவிட்டால் இவ்விவாதம் முழுவதும் பொருளற்றுப் போகும்.

நம் நாட்டு நீதிமன்றங்கள் நெடுங்காலம் கையாண்டது 1791இல் வெளிவந்த சார்லஸ் ஹாமில்டனின் ஆங்கில ஆக்கமாகும். அது அரபியிலிருந்து நேரே பெயர்க்கப்பட்டதன்று. உரைக்குறிப்புகளையும் மூலத்தோடு கலந்த ஒரு பாரசீகப் பெயர்ப்பின் பெயர்ப்பு. 1885இல் கோவிந்த தயாள் வழக்கில், அரபு பயின்ற நீதிபதி சையத் மஹ்மூத் அலகாபாத்தில் மூலநூல்களையே நாடினார். ஷுஃபா மறுகொள்முதல் அன்று. வாங்கியோன் இடத்தில் உரிமையாளன் வந்து நிற்றலே என அவர் தெளிவுபடுத்தினார். பேசிய தொகையையே அவன் தரவேண்டுவதன் காரணமும் இதனாற் புலனாகும்: அவன் புதிய ஒப்பந்தம் செய்பவன் அல்லன்.

சென்னை உயர் நீதிமன்றம் 1870இலேயே, இச்சட்டம் நீதி, நடுநிலை, நன்மனச்சான்று ஆகியவற்றோடு இயையாது என அதனை ஏற்க மறுத்தது. தமிழில் இதற்குரிய கலைச்சொற்கள் வழக்கூன்றாமைக்கு இதுவும் ஒரு காரணமாதல் கூடும். எனினும் சொற்களைப் புதிதாய்ப் புனைய வேண்டுவதில்லை. நம் பத்திரங்களில் 'கிரயத் தொகை' என்பதும், முத்திரைத் தீர்வைக்கென அரசு வகுக்கும் 'வழிகாட்டி மதிப்பு' என்பதும் வேறுவேறாகவே வழங்குகின்றன. ஸமனுக்குக் கிரயத் தொகை என்பதையும் கீமாவுக்கு மதிப்பு என்பதையும் நிலையாக ஆளலாம். 'விலை' என்னும் பொதுச்சொல்லை இவ்விடங்களில் தவிர்த்தலே தக்கது.