ஒரு சொல்லும் ஒரு தந்தையின் கண்ணீரும்



இன்று நான் எடுத்துக்கொண்டிருப்பது ஒரே ஒரு கிரேக்கச் சொல். ‘நொத்தோஸ்’ என்பது அந்தச் சொல். முறைப்படி பிறக்காத பிள்ளை என்பது அதன் பொருள்.

இலக்கணப்படி இது பெயரடை. நாம் நல்ல மகன், நல்ல மகள், நல்ல நூல் என்கிறோம். ‘நல்ல’ மாறுவதில்லை. கிரேக்கத்தில் பெயரடையும் பாலுக்கேற்ப மாறும். ஆணுக்கு நொத்தோஸ், பெண்ணுக்கு நொத்தே, பொருளுக்கு நொத்தோன். முறையாகப் பிறந்தவன் ‘க்னேசியோஸ்’.

பழைய ஏதென்ஸ் நகரில் இச்சொல்லுக்கு இன்னொரு பொருளும் இருந்தது. அயலூர்த் தாய்க்குப் பிறந்தவனையும் நொத்தோஸ் என்றார்கள். ஆனால், தொடக்கத்தில் அது குடியுரிமையைப் பறிக்கவில்லை. மக்களாட்சிக்கு அடித்தளமிட்ட கிளைஸ்தனிசின் தாய் சிக்கியோன் நகரத்தவர். கி.மு. 480-இல் சலாமிஸ் கடற்போரில் பாரசீகரை முறியடித்த தெமிஸ்டோக்ளிசின் தாயும் அயலவரே என்று புளூட்டார்க் எழுதுகிறார்.

கி.மு. 451-இல் நிலைமை மாறியது. தாய், தந்தை இருவருமே ஏதென்ஸ் குடிகளாக இருந்தால்தான் பிள்ளைக்குக் குடியுரிமை என்று சட்டம் வந்தது. அதைக் கொண்டுவந்தவர் புகழ்பெற்ற தலைவர் பெரிக்ளிஸ்.

காலத்தின் விளையாட்டைப் பாருங்கள்! கி.மு. 430-இல் ஏதென்சைக் கொள்ளைநோய் தாக்கியது. பெரிக்ளிசின் முறையான மகன்கள் இருவரும் மாண்டனர். எஞ்சியவன், மிலேட்டஸ் நகரத்து அஸ்பாசியா பெற்ற மகன். தந்தையின் சட்டப்படியே அவன் நொத்தோஸ். தம் பெயர் சொல்ல ஒரு பிள்ளை வேண்டுமென்று பெரிக்ளிஸ் மக்கள் மன்றத்திடம் மன்றாடினார். மன்றமும் இரங்கி விலக்கு அளித்தது.

அந்த மகன் வளர்ந்து தளபதியானான். கி.மு. 406-இல் அர்கினூசே கடற்போரில் வென்றும், புயலில் தவித்த வீரர்களை மீட்கவில்லை என்ற குற்றச்சாட்டில் தளபதிகள் அறுவர் கொல்லப்பட்டனர். அவர்களில் அவனும் ஒருவன். அவனைக் குடிமகனாக ஏற்ற அதே மன்றம்தான் தண்டனையும் விதித்தது.

‘போலி’ என்ற பொருளிலும் இச்சொல் வழங்கியது. கி.பி. 4-ஆம் நூற்றாண்டில் திருச்சபை வரலாறு எழுதிய எவுசேபியுஸ், ஏற்கப்படாத சில சமய நூல்களை இச்சொல்லால் குறித்தார்.

நூலில் போலி இருக்கலாம். பிள்ளையில் போலி உண்டா? பெரிக்ளிசுக்கு அந்தக் கேள்வி, தம் வீட்டு வாசலுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. ஊருக்குச் சட்டம் எழுதுவோர் நினைவில் வைக்க வேண்டிய பாடம் இது.